அதே நபரா?

அக்கா தும்முவதற்காகக் குனிகிறாள், அரக்குப் பட்டுச்சேலை, கழுத்தில் சம்பங்கி மாலை, நிமிரும்போது அது நான், அந்தச் சேலை இல்லை, அந்த மாலை இல்லை, குலதெய்வக் கோயில் வாசலில் புதுத் தாலிக்கயிறோடு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறேன், பின்னால் வயலின் இழைகிறது, எழுத்து மிதந்து வருகிறது, உங்கள் மனைவியுடன் ஒன்பது இனிய ஆண்டுகள். எனக்குக் கல்யாணமானது போன ஆவணியில்தான்.

காலையில் மாமாதான் அந்த வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தார், மாமா என்றால் என் கணவர், அதற்கு முன் அக்கா புருஷன், அப்போதும் மாமா, இப்போதும் மாமா, கூப்பிடும் வாயைக்கூட நான் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. வருஷக் கடைசியானால் அந்தச் செயலி, அவர் ஏற்றிவைத்த படங்களையெல்லாம் தானே அள்ளி, இசை சேர்த்து, இந்தாருங்கள் உங்கள் வாழ்க்கை என்று நீட்டும், இந்த முறை ரேணுகா அக்காவையும் என்னையும் பிரிக்கத் தெரியாமல் ஒருத்தியாக்கிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அக்கா பிறந்த குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள், அடுத்த நொடி அதே நிவேதா பள்ளிச் சீருடையில் என் இடுப்பைப் பிடித்து நிற்கிறாள், நடுவில் எதுவுமே நடக்கவில்லை, அக்காவுக்குக் காய்ச்சல் வரவில்லை, மதுரை ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவு மூடவில்லை, கோயம்புத்தூரில் எனக்கு ஸ்கேன் சென்டரில் ஒரு வேலையும் விடுதியில் ஜன்னலோரக் கட்டிலும் இருக்கவில்லை, பிள்ளையை எவகிட்டயோ குடுத்துட்டு நீ நிம்மதியாத் தூங்கிருவியாடி என்று அம்மா கேட்கவே இல்லை. பார்க்கப் பார்க்க எனக்கே குழம்புகிறது, கொடைக்கானல் படகில் மாமாவின் தோளில் சாய்ந்திருப்பது நான்தானோ, அந்தக் குளிர் என் விரலில் இருக்கிறதே, இருக்கும், அந்தப் படத்தை எடுத்தவளே நான்தான், மாமா சேந்து உக்காருங்க, அக்கா மூக்கைத் துடை, என்று கரையில் நின்று கத்தியவள்.

அம்மா அருப்புக்கோட்டையிலிருந்து போனில் அழுதாள், பாத்துட்டே இருக்கேன்டி, அவ போகவே இல்லடி, நம்ம கூடத்தான் இருக்கா. அம்மா, பாதியில இருந்து அது நான்ம்மா, என்றேன். தெரியும்டி, அதனாலதான சொல்றேன், என்றாள்.

மாமா குளித்துக்கொண்டிருந்தார், சமையல் மேடையில் கிடந்த அவர் போனை எடுத்து, தப்பைத் திருத்தும் இடத்தைத் தேடினேன், கிடைத்தது, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முகம், அக்காவுடையது, என்னுடையது, மேலே ஒரு கேள்வி, இருவரும் ஒரே நபரா, கீழே சிறிய எழுத்தில், ஆம் என்று பதிலளித்துள்ளீர்கள். செயலிக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, அது கேட்டுமிருக்கிறது.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவரிடம் போனைக் காட்டினேன், நீங்களா ஆமான்னு போட்டது? எட்டிப் பார்த்தார், அதுவா, எப்பப் பாத்தாலும் நொய்நொய்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு, ஆமான்னு தட்டுனேன், அதோட விட்ருச்சு. குரலில் குற்றமே இல்லை, அதுதான் எனக்கு எரிந்தது. அவர் முன்னாலேயே இல்லை என்று அழுத்தினேன், படங்கள் இரண்டாகப் பிரிந்தன, அக்காவின் பக்கம் இறங்கிக்கொண்டே போனது, என் பக்கம் ஒரு விரல் தள்ளலில் முடிந்துவிட்டது, அதிலும் பாதிப் படங்களில் நான் அக்காவுக்குப் பின்னால் அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், என் முகத்தின் கீழே போன் கேட்டது, இவர் யார், பெயர் சேர்க்கவும். பேரு கேக்குது, போடுங்க, என்று நீட்டினேன். ஈரக் கட்டைவிரலைத் துண்டில் துடைத்துவிட்டு அவர் அடித்தார், சித்தி.

நிவி அப்படித்தான கூப்பிடுறா, என்றார்.

அம்மாவின் தங்கையும் சித்திதான், அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்திதான், பொருத்தமாகத்தான் இருந்தது, என் மேல் எந்தப் பக்கமும் இடிக்காமல் தைத்த சட்டை மாதிரி. அந்த எழுத்துகளை அழித்தேன், அப்பாவின் இனிஷியலோடு என் பெயரை முழுசாக அடித்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன், இதைச் சொல்லுங்க. என்னத்தை? என் பேரை, வாயால ஒரு தடவை கூப்பிடுங்க. காலங்காத்தால என்ன இது, என்று சிரிக்கப் பார்த்தார், நான் சிரிக்கவில்லை, திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்துக்கொண்டே கூப்பிட்டார், ஆஸ்பத்திரியில் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற மாதிரி, மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக.

என்ன, சொல்லுங்க, என்றேன்.

காத்திருந்தேன். போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, நிவி எந்திரிச்சுட்டாளா, என்றார்.