குங்குமம் வைத்த பென் டிரைவ்

மற்ற ஊர்க்காரர்கள் ஆடி பதினெட்டுக்கு ஆற்றங்கரைக்குப் போவார்கள். சிவகாசிக்காரனுக்கு ஆறு ஏது? அவனுக்கு அன்றைக்குக் காலண்டர்தான். அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துச் சூடம் காட்டி, வாசலுக்கு வந்த ஏஜெண்டு ஒருத்தரையும் விடாமல் கையில் கொடுத்து அனுப்புவார்கள். யாராவது விட்டுப்போனால் அந்த வருஷ ஆர்டர் படுத்துவிடும் என்று ஒரு பயம். லட்சுமிகாந்தம் முதலாளியின் அச்சகத்தில் மேனேஜராக இருக்கும் காசிராஜனுக்கு அந்தப் பயம் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. அதனால்தான் அந்தக் கூத்து நடந்தது.

கூத்தைச் சொல்லுமுன் பெர்சிஸைச் சொல்லியாக வேண்டும். சூலக்கரையிலிருந்து பஸ் பிடித்து வாரம் இரண்டு நாள் வந்து, மாடிப்படிக்கு அடியில் இருக்கிற மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிற பெண். அவள் வருவதற்கு முன்பு அச்சகத்துக்கு வந்து விழுந்த மெயிலெல்லாம் குப்பை. லாட்டரி விழுந்திருக்கிறது, வழுக்கையில் முடி வளரும், கேட்காமலே கடன் தருகிறோம் என்று நாளைக்கு மூவாயிரம். அதைக் கிளறி ஒரு ஆர்டரைக் கண்டுபிடிப்பதற்குள் காசிராஜனுக்குக் கண் பூத்துவிடும்.

பெர்சிஸ் வந்த முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். "குப்பை அனுப்புற சர்வர் நம்பரையெல்லாம் சேத்து வச்சுப் பொதுவா ஒரு பிளாக்லிஸ்ட் நடத்துறாக அண்ணாச்சி. மெயில் வாசலுக்கு வந்ததும், இந்த நம்பர் உங்க லிஸ்ட்ல இருக்கான்னு நம்ம சர்வர் அங்கன கேக்கும். இருந்துச்சுன்னா உள்ள விடாது."

மறுநாள் காலையில் மூவாயிரம் வெறும் நூற்று நாற்பதாகச் சுருங்கிவிட்டது. ஆத்தாடி! காசிராஜன் அன்றைக்கு நாலு பேரிடமாவது அதைச் சொல்லியிருப்பார். அதோடும் விட்டாளா அவள்? திருப்பி அனுப்பியதையெல்லாம் வருகிற நாளெல்லாம் ஒருதரம் பார்ப்பாள். நல்ல ஆள் யாராவது தப்பாக மாட்டியிருந்தால் அவரை மட்டும் தனியாக உள்ளே விடச் சொல்லி எழுதி வைப்பாள். அப்படி வேலை பார்க்கிற ஒரு ஆளைக் காசிராஜன் தன் முப்பது வருஷச் சர்வீசில் பார்த்ததில்லை.

இனி கூத்து. ஆடி பதினெட்டு கழிந்து மூன்றாம் நாள், நாக்பூரில் ஒரு டிராக்டர் கம்பெனிக்கு விலைப்பட்டியல் அனுப்ப வேண்டும். நாலு லட்சம் காலண்டர். சாயங்காலம் ஐந்து மணிக்குள் அவர்களிடம் பதிந்து வைத்திருக்கிற கம்பெனி மெயிலிலிருந்து மட்டுமே வர வேண்டும், வாட்ஸ்அப் செல்லாது, வேறு முகவரி செல்லாது. இந்த ஆர்டர் வந்தால்தான் காலண்டர் உச்சியில் தகரப் பட்டை அடிக்கிற முப்பது பெண்களுக்குத் தை வரைக்கும் வேலை. இல்லாவிட்டால் பாதிப் பேர் நாரணாபுரம் பக்கம் பட்டாசுக்குப் போக வேண்டியதுதான். இங்கே பேப்பரும் பசையும். அங்கே வெடிமருந்து.

பதினோரு மணிக்குக் காசிராஜன் அனுப்பிய மெயில் இரண்டே நிமிஷத்தில் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினார், மறுபடி வந்தது. அன்றைக்கு வந்திருந்த பெர்சிஸ் குனிந்து படித்தாள்.

"நம்ம நம்பர் பிளாக்லிஸ்ட்ல ஏறியிருக்கு சார். நாம பாக்குற அதே லிஸ்ட். நாக்பூர்க்காரவுகளும் அதையேதான் பாக்குறாக."

பக்கத்தில் நின்ற முதலாளிக்குக் கோபம் வேட்டி நுனியிலிருந்து உச்சி வரை ஏறிவிட்டது. "ஏம்மா, நீ கொண்டாந்து வச்ச காவக்காரன் நம்ம கழுத்தையே புடிச்சு வெளிய தள்ளுறானா? தூக்கி எறி அவனை!"

"நாம எறிஞ்சாலும் நாக்பூர்க் கதவு தொறக்காது சார்."

"அப்ப நம்பரை மாத்து."

"புது நம்பர் வர நாளைக்கு ஆகும். காரணம் தெரியாம மாத்துனா அதுவும் ரெண்டு நாள்ல லிஸ்ட்ல ஏறிரும். மொதல்ல யார் என்ன அனுப்புனாகன்னு பாக்கணும்."

அது காசிராஜனுக்குத் தெரியும். காரியாபட்டி ஏஜெண்டு ஒருத்தர் கொடுத்த பென் டிரைவ், அதில் இருபத்திரண்டாயிரம் மெயில் முகவரி. ஆடி பதினெட்டன்று காசிராஜன் அதற்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்து, ஆல்பத்தோடு ஆல்பமாகச் சூடம் காட்டி, நல்ல நேரம் முடிவதற்குள் அத்தனை பேருக்கும் காலண்டர் படத்தை அனுப்பிவிட்டார். யாரும் விட்டுப்போகக் கூடாதில்லையா!

பெர்சிஸ் சர்வரின் பதிவைத் திறந்தாள். கண் ஒரு வரியில் நின்றது. பிறகு தலையைத் தூக்கிச் சாமி படத்தட்டைப் பார்த்தாள். குங்குமத்தோடு பென் டிரைவ் அங்கேயே கிடந்தது. அப்புறம் காசிராஜனைப் பார்த்தாள். முதலாளி பக்கம் திரும்பினாள்.

"லிஸ்ட் நடத்துறவுகளுக்கு ஒரு பாரம் நிரப்பி அனுப்பணும் சார். என்ன நடந்துச்சு, எப்படிச் சரி பண்ணுனீங்க, ரெண்டே கேள்வி."

"வைரஸ் வந்துருச்சுன்னு எழுது. எல்லாப் பயலும் அதத்தான எழுதுவான்?"

பெர்சிஸ் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "பொய் எழுத மாட்டேன் சார். ஆள் யாருன்னு அந்தப் பாரம் கேக்கல, நானும் சொல்ல மாட்டேன். நடந்தத நடந்தபடிதான் எழுதணும்."

"ஒன் வேலை போனாலும் எழுத மாட்டியோ?"

"போனாலும்தான் சார்."

காசிராஜன் அவளைப் பார்த்தார். ஒரு வார்த்தை, 'அந்தா இருக்கார் மேனேஜர்' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அவள் தப்பித்துக்கொள்ளலாம். மகள் வயசுப் பிள்ளை தன் வேலையைப் பணயம் வைத்து உட்கார்ந்திருக்கிறாள், நாம் ஆம்பிளை என்று மீசையை வைத்துக்கொண்டு நிற்கிறோம். சீ, என்ன பிழைப்பு!

"மொதலாளி, வைரஸ் இல்ல. நாந்தேன் எல்லாருக்கும் காலண்டர் படத்தை அனுப்புனேன்."

"எம்புட்டுப் பேருக்கு?"

"இருபத்திரெண்டாயிரம்."

"ஏலே! உள்ளூர்ல என்னைய வையிற ஆள் பத்தாதுன்னு தேசம் பூராவும் ஆள் புடிச்சுட்டியேலே!"

"ஆல்பம் குடுக்கிறது நல்லதுன்னுதான மொதலாளி..."

"வாசலுக்கு வந்தவுகளுக்குக் குடுத்தா நல்லது அண்ணாச்சி," என்றாள் பெர்சிஸ். "தூங்குறவுக வீட்டுக்குள்ள ஏறிக் குதிச்சு நெஞ்சு மேல வச்சா? நீங்க அனுப்புனதுல யாருக்குமே சொந்தமில்லாத முகவரியும் கெடக்கும். கேக்காம அனுப்புறது யாருன்னு கண்டுபுடிக்க லிஸ்ட் நடத்துறவுகளே போட்டு வச்ச கண்ணி. அதுல காலை வச்சுட்டீக."

முதலாளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "எழுதும்மா," என்றார் கடைசியில்.

அவள் எழுதினாள். எங்கள் ஆள் கேட்காதவர்களுக்கு அனுப்பிவிட்டார், தப்பு எங்களுடையது, அந்தப் பட்டியலை இன்றைக்கே அழிக்கிறோம். எழுதியதோடு நிற்காமல், ஒரு கணக்கிலிருந்து ஒரே நாளில் ஐம்பது பேருக்கு மேல் மெயில் போகாதபடி சர்வரில் கட்டுப்பாடு போட்டாள். முதலாளி கணக்கு உட்பட. ஒன்றே முக்காலுக்குப் பாரம் போனது.

அப்புறம் காத்துக் கிடந்ததுதான். முதலாளி வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தார். தகரம் அடிக்கிற வெள்ளைத்தாய் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நாலு இருபதுக்குப் பதில் வந்தது: உங்கள் எண் நீக்கப்பட்டது. காசிராஜன் பாய்ந்து மெயிலை அனுப்பினார். திரும்பி வந்துவிட்டது!

"பொறுங்க. நீக்குனது நாக்பூருக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆகும்," என்றாள் பெர்சிஸ்.

நாலு நாற்பத்தாறுக்கு அனுப்பியது திரும்பவில்லை. நாலு ஐம்பத்தொன்றுக்கு நாக்பூரிலிருந்து, கிடைத்தது, நேரத்துக்குள் வந்த பட்டியலில் சேர்த்துக்கொண்டோம் என்று பதில். முதலாளி எழுந்து பெர்சிஸைப் பார்த்துக் கையைக் கூப்பினார். அப்படியே காப்பி சொல்லப் போனார். விலை நல்ல விலை, இனி ஆர்டர் எங்கே போகப் போகிறது என்ற தெம்பு அவர் நடையில் தெரிந்தது.

காசிராஜனுக்குக் கண் தளும்பிவிட்டது. அந்த ஈரத்தோடேயே பென் டிரைவை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகி, மடமடவென்று எதையோ தட்டினார். சர்வர் சட்டென்று மறித்தது: ஐம்பது பேருக்கு மேல் அனுப்ப முடியாது.

"அண்ணாச்சி! என்ன செய்றீக?"

"மன்னிப்புத்தான் தாயி கேக்குறேன். அம்புட்டுப் பேருக்கும்."

பெர்சிஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. "இந்த மன்னிப்பு மெயில் வேணும்னு அவுக உங்ககிட்ட கேட்டாகளா அண்ணாச்சி?"

காசிராஜனுக்கு அப்போதுதான் உறைத்தது. பென் டிரைவைப் பிடுங்கிக் கண்ணில் ஒற்றி அவள் கையில் வைத்தார்.

"நீயே ஒடைச்சுப் போடு தாயி. பூஜையில வச்சது, எனக்குக் கை வராது."