மேலே ஏறாத எண்ணெய்

இரும்பு எடைக்கு எடுக்கிற லாரி வந்து ஷெட் வாசலை அடைத்துக்கொண்டு நின்றபோது, அக்கா பழைய காரின் இன்ஜினுக்குள் தலையை விட்டுக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல் மூடியைக் கழற்றி வைத்தாயிற்று. ஸ்பார்க் பிளக்குகளும் வெளியே. தம்பி உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். அடியில் இருக்கும் எண்ணெய் ஒரு சின்னத் துளை வழியாக மேலேறி, வால்வுகளை அழுத்த வரிசையாக நிற்கிற ராக்கர்களின் மேல் கசிய வேண்டும். அது கசிந்த பிறகுதான் பிளக்கைப் போட்டு வண்டியை ஸ்டார்ட் செய்யலாம்.

தம்பி சுற்றினான். ராக்கர்கள் ஜோராக ஆடின. எண்ணெயை மட்டும் காணோம்.

"வந்துச்சாக்கா?"

"வரலடா. இன்னும் சுத்து."

ஷெட் இருவருக்கும் மூத்தவரான பெரியண்ணனுடையது. ஹார்டுவேர் கடைக்காரர், பெயிண்ட் டின் அடுக்க இடமில்லாமல் திண்டாடுகிறவர். "இன்னைக்கு மதியத்துக்குள்ள வண்டி தானா ஓடி வெளிய போகணும். இல்லன்னா லாரியில ஏறிப் போகணும்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவர் இவ்வளவு நாள் பொறுத்ததே அக்காவின் முகத்துக்காகத்தான். அவள் டெய்லர். இரண்டு தடவை அளக்காமல் துணியில் கத்திரி வைக்க மாட்டாள். தம்பி அதற்கு நேரெதிர். ஒரு நட்டை முடுக்கி முடிப்பதற்குள் அடுத்த வேலைக்குத் தாவுகிறவன். ஒருமுறை அவன் டயர் மாற்றிக் கொடுத்த வண்டி தெருமுனையில் இடது பக்கம் திரும்ப, சக்கரம் நேராகப் போய்விட்டது. அன்றிலிருந்து அவனுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்றே பேர்.

அக்காவின் தையல் மெஷின்களை விற்றுத்தான் இந்த இன்ஜினைப் பிரித்தார்கள். கல்யாணத்துக்கும் படப்பிடிப்புக்கும் பழைய காரை வாடகைக்கு விடலாம், தம்பி ஓட்டுவான் என்பது கணக்கு. எங்கோ மோதி நொறுங்கிய வேறொரு வண்டியிலிருந்து கிராங்க் ஷாஃப்ட் வந்தது. வால்வுகளைத் தம்பி கையாலேயே தேய்த்து உட்கார வைத்தான். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் போடுகிற கேஸ்கெட் தகடு, தேடாத கடையெல்லாம் தேடி, ஒன்றே ஒன்று கிடைத்தது. வண்டி ஓடாவிட்டால் அவளுக்குக் காரும் இல்லை, மெஷினும் இல்லை. நாளைக்கு எதை வைத்துப் பிழைப்பது?

"என்னம்மா, முடியுமா முடியாதா? லாரிக்காரன் நிக்கிறான்ல" என்றார் பெரியண்ணன்.

அக்கா டாஷ்போர்டை எட்டிப் பார்த்தாள். எண்ணெய் பிரஷர் இல்லையென்றால் எரிகிற விளக்கு அணைந்திருந்தது.

"டேய், விளக்குதான் அணைஞ்சிடுச்சே. கீழ பிரஷர் இருக்கு. பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் பண்ணு. சூடானா தானா மேல ஏறிக்கும்."

"ஏறாதுக்கா. நடுவுல எங்கயோ அடைச்சிருக்கு. காஞ்சு ஓடினா மேல உள்ளதெல்லாம் தேஞ்சு தூளாயிடும்."

"வெளிய எடுத்தா போதும்டா! மீதிய அப்புறம் பாத்துக்கலாம்!"

"மாட்டேன். ஹெட்டைக் கழட்டப் போறேன்."

அவளுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அப்போதுதான் ஆணியில் தொங்கிய அவனுடைய சாம்பல் நிறப் பனியன் கண்ணில் பட்டது. அடிப்பக்கம் ஒரு துண்டு கிழிந்திருந்தது. இன்ஜின் பிரிந்து கிடந்த நாட்களில் தூசி போகாமல் துளைகளையெல்லாம் துணி வைத்து அடைத்திருந்தார்கள். பளிச்சென்று தெரியட்டும் என்று அக்காதான் சிவப்புத் துணியை வெட்டிக் கொடுத்தாள். மூடும்போது சிவப்பைத் தேடித் தேடி எடுத்தார்கள்.

"அடப்பாவி! பனியனைக் கிழிச்சு அடைச்சியா? இரும்பும் அதே நிறம், எப்படித் தெரியும்? இதுக்குத்தானே சிவப்பு சிவப்புன்னு அடிச்சுக்கிட்டேன்!"

"அது கை தொடைக்கக் கிழிச்சதுக்கா."

"பேசாதே நீ! உன்னை நம்பி என் மெஷினை வித்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

அவன் ஸ்பேனரை எடுத்தான். ராக்கர்களை எடுத்து வைத்துவிட்டு, ஹெட்டின் நட்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்கு, ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே வந்தான். ஒரே பக்கம் இழுத்தால் ஹெட் வளைந்துவிடும். எக்ஸ்பிரஸ் இவ்வளவு மெதுவாக வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை. லாரிக்காரன் ஹாரன் அடித்தான். தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஹெட் கிளம்பியது. கேஸ்கெட் ஒட்டிக்கொண்டு கிழியப் போகிறதென்று அக்கா பயந்தாள். இன்ஜின் இன்னும் சூடு காணாததால் அது முழுசாகக் கழன்று வந்தது. தம்பி சின்ன இடுக்கியைத் துளைக்குள் விட்டு எதையோ உருவினான்.

எண்ணெயில் ஊறிய சாம்பல் நிறத் துணி. லைனிங் துணி. நான்கு ஓரமும் மடித்து, பொடிப்பொடியாகக் கையால் தைத்தது.

அடைக்கிற கந்தலுக்கு ஓரம் அடிக்கிற பைத்தியம் அந்த வீட்டில் ஒருத்திதான். சிவப்பு தீர்ந்துபோன அந்தச் சாயங்காலம் அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நூல் பிரிந்து துளைக்குள் போய்விடுமே என்று பயந்து, ஓரம் மடித்துத் தைத்து, அவளே திணித்தாள். தம்பி அன்று ஷெட்டிலேயே இல்லை.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். சட்டென்று துணியைக் கைக்குள் கசக்கிக்கொண்டான்.

"என்னடா அது?" என்று பெரியண்ணன் கிட்டே வந்தார்.

"பனியன் துண்டுண்ணா. நான்தான் மறந்துட்டேன்."

"அதானே பார்த்தேன்! இவனைக் கட்டிக்கிட்டு மாரடிச்சா இப்படித்தான் ஆகும். இன்னைக்குத் துணி, நாளைக்கு சக்கரம். போதும்மா. ஏய், லாரி! வந்து ஏத்துப்பா!"

லாரிக்காரன் சங்கிலியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தான். அக்கா சங்கிலியையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் கார் போகும். பேசினால் அண்ணன் அவள் மேல் வைத்திருக்கிற நம்பிக்கையும் போய்விடும். அப்போதும் கார் போனாலும் போகும். தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் விரல்களைப் பிரித்துத் துணியைப் பிடுங்கி அண்ணனிடம் நீட்டினாள்.

"இது என் துணிண்ணா. ஓரத்தைப் பாருங்க. உங்க சட்டைக்கும் இதே தையல்தான். வச்சதும் நான், மறந்ததும் நான், அவனைத் திட்டினதும் நான்."

பெரியண்ணன் துணியைப் பார்த்தார். தன் சட்டையின் விளிம்பைப் பார்த்தார்.

"ஸ்டார்ட் பண்ணச் சொன்னதும் நான்தான். அவன் என் பேச்சைக் கேட்டிருந்தா இந்நேரம் இன்ஜின் போயிருக்கும்."

"மாட்டேன்னது இவனா?" என்றார் அவர், நம்ப முடியாமல்.

"இவன்தான்."

அவர் லாரிக்காரனைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவன் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான்.

தம்பி ஹெட்டையும் ராக்கர்களையும் மாட்டி முடிக்க மதியம் தாண்டிவிட்டது. யாரும் கடிகாரத்தைப் பற்றிப் பேசவில்லை. அவன் ஸ்டார்ட்டரைச் சுற்றினான். அக்காவும் பெரியண்ணனும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். முதல் ராக்கரின் ஓரத்தில் ஒரு சொட்டு தலைகாட்டி, பெருத்து, வழிந்தது. அடுத்ததிலும் வழிந்தது.

"வருதுடா!" என்று அக்கா கத்தினாள். கண்ணீர் தாரையாகக் கொட்டியது. "பிளக்கைப் போடு! சீக்கிரம்!"

"இருக்கா. எல்லாத்துலயும் வரட்டும்."

எல்லாவற்றிலும் வந்தது. பிளக்குகளைப் போட்டு, மேல் மூடியையும் மூடி, சாவியைத் திருப்பினான். இன்ஜின் ஒரு தடவை செருமியது, இரண்டாம் தடவை நின்றுபோனது, அப்புறம் ஷெட் அதிர உறுமிப் பிடித்துக்கொண்டது. புகையில் பெரியண்ணன் இருமி இருமிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தத் துணியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"லாரியைப் பின்னால எடுப்பா," என்றார். "எங்க வண்டி வெளிய வரணும்."