இருபத்திரண்டு தூண்கள்

கடற்கரையிலிருந்து பதினொரு கிலோமீட்டர் தள்ளி, ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்குள் கடல் முதன்முதலாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு. கணுக்கால் அளவு வந்தது. நாலு மணி வரை இருந்துவிட்டுப் போனது. முதல் மாடியில் ஒரு பல் மருத்துவர் இருந்தார். அவருடைய கூரையில் ஈரக் கறைகூட இல்லை. குழாய் வெடித்துவிட்டது என்று நினைத்து வரவழைத்த பிளம்பர், விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பா இருக்குங்க. உப்புத் தண்ணின்னா அது நம்ம வேலை இல்ல" என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். தரையில் தங்கிய மணலைக் கூட்டியபோது இரண்டு வாளி சேர்ந்தது.

அன்று அங்கே நடந்துகொண்டிருந்தது, கடலைப் பற்றிப் படிப்பவர்களுக்காகக் கடலோரத்தில் எழும்பவிருந்த ஒரு கல்லூரிக் கட்டடத்தை வரையும் கூட்டம். கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் கட்டடக் கலைஞரும், அது விழாமல் நிற்பதற்குக் கணக்குப் போடும் பொறியாளரும் முதல் கோட்டிலிருந்தே சேர்ந்து வரைய வேண்டும் என்பது கல்லூரியின் நிபந்தனை. கலைஞர் நாத்தனார், பொறியாளர் அவருடைய அண்ணி. இந்த உறவு கல்லூரிக்குத் தெரியும். இருவரும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை என்பது தெரியாது. காரணம் ஒரு தூண். அண்ணன் வீடு கட்டியபோது கூடத்தைத் தங்கைதான் வரைந்தார், நடுவில் ஒன்றுமில்லாமல், இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடி தெரிகிற மாதிரி. அவர் வெளியூர் போயிருந்த பத்து நாளில் அண்ணி அதன் நட்டநடுவே ஒரு தூணை நிறுத்திவிட்டார். யார் செய்தது சரி என்று கேட்டபோது, அண்ணன் "ரெண்டு பேர் சொல்றதும் சரிதானே" என்றார். அதன்பிறகு அந்த இரண்டு பெண்களும் ஒத்துப்போன ஒரே விஷயம், அந்த மனிதர் எதற்கும் லாயக்கில்லை என்பதுதான்.

எனவே கூட்டங்களில் பேச்செல்லாம் படம் வரைபவர் வழியாகவே போய் வந்தது. ஐம்பத்தெட்டு வயதான அவருக்கு, வரைந்ததைவிட அழித்தது அதிகம் என்பதால், ரப்பர் என்று பெயர். "தண்ணிக்கு அவ்வளவு பக்கத்துல வச்சா நிக்காதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்பார் அண்ணி. "பசங்க லேப்ல இருந்து இறங்கினா கால்ல தண்ணி படணும், இல்லாட்டி எதுக்குக் கடல் காலேஜுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்பார் நாத்தனார். ஒரே மேசைதான், நடுவில் ஒன்றரை முழ இடைவெளி. ரப்பர் இரு பக்கமும் ஒருமுறை பார்த்து, "ரெண்டு பேருக்கும் கேட்டுடுச்சு" என்பார்.

கடல் எதற்காக வருகிறது என்பதைக் கண்டுபிடித்ததும் அவர்தான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். கட்டடத்தை அலையிலிருந்து அறுபது மீட்டரில் வரைந்த நாளில் கணுக்கால். நாற்பதுக்கு நகர்த்திய நாளில் முழங்கால். அண்ணி இருநூறுக்குத் தள்ளிய வாரத்தில் அலுவலகம் காய்ந்து கிடந்தது. ஆனால் கல்லூரி முதல்வர் படத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தூரத்தில் கட்டுவதற்கு ஊருக்குள்ளேயே கட்டலாமே, மாதக் கடைசிக்குள் சரியான படம் வராவிட்டால் வேலை வேறு ஆட்களுக்குப் போகும் என்று கடிதம் எழுதினார். மறுபடியும் நாற்பது. மறுபடியும் முழங்கால். அலுவலகத்தில் எல்லோரும் செருப்பை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டு வேலை பார்க்கப் பழகினார்கள். பிளக்குகளை இடுப்புயரத்துக்கு மாற்றினார்கள். காலடியில் சிறுமீன்கள் சுற்றின. யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை.

மாதம் முடிய நாலு நாள் இருக்கையில் அண்ணி பொறுமை இழந்தார். சுவர்ப் பலகையில் குத்தியிருந்த படத்தில், கட்டடத்துக்கும் கடலுக்கும் நடுவே இரண்டரை மீட்டர் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் சுவரை அவரே வரைந்தார். "இது காலேஜ் இல்ல, ஜெயிலுன்னு சொல்லுங்க" என்று நாத்தனார் சொல்லி வாய் மூடவில்லை, தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. கதவு உள்பக்கம் திறப்பது. தண்ணீரின் கனத்தில் அசையவில்லை. கம்பி போட்ட ஜன்னலைத் திறந்தார்கள். தண்ணீர் விளிம்பில் கண்ணாடி போல நின்றது. தெருவில் ஒரு சொட்டு விழவில்லை. ரப்பர் பீரோ மேல் ஏறிக்கொண்டார். நாத்தனார் குள்ளம், நீந்தவும் தெரியாது. மார்பைத் தாண்டிக் கழுத்துக்கு வந்தபோது அவருடைய கால் தரையைவிட்டு நழுவியது. மேசை மேல் நின்றிருந்த அண்ணி குனிந்து, அவர் தலைமுடியையும் தோளையும் சேர்த்துப் பிடித்து இழுத்தார்.

"பாப்பா, ஏறு."

நாற்பத்து மூன்று வயதுக்காரரை அந்த வீட்டில் எல்லோரும் கூப்பிட்ட பெயர் அது. ஆறு வருடத்தில் அண்ணி அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தையும் அதுதான். பாப்பா ஏறினார். கொஞ்ச நேரம் இருமினார். பிறகு, "அந்தச் சுவரை அழிங்க அண்ணி" என்றார்.

ரப்பர் பீரோ மேலிருந்து தன் ரப்பரை எறிந்தார். அண்ணி சுவரை அழித்தார். தண்ணீர் ஒரு சாண் இறங்கி, அதற்கு மேல் இறங்காமல் நின்றது. இருவரும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கடலுக்கு உள்ள வந்துட்டுப் போக வழி வேணும்போல" என்றார் பாப்பா. "அப்ப கீழ்த்தளத்தையே விட்டுடணும். மொத்தத்தையும் தூண் மேல தூக்கணும்." அண்ணி சொல்லிவிட்டு நாத்தனாரின் முகத்தைப் பார்த்தார். பாப்பா அண்ணியின் கையிலிருந்த ரப்பரை வாங்கி, கீழ்த்தளத்தின் அறைகளையெல்லாம் தானே அழித்தார். எட்டு மாதமாக வரைந்த அறைகள்.

"எத்தனை தூண்?"

"இருபத்தஞ்சு."

"பதினெட்டு போதும். காடு மாதிரி ஆயிடும்."

"பதினெட்டுல நிக்காதுடி."

ஒவ்வொன்றாக வரைந்தார்கள். ஒரு தூணுக்கு மூன்று விரல் கணக்கில் தண்ணீர் இறங்கியது. பதினெட்டாவது தூணிலும் தண்ணீர் வடிந்து முடியவில்லை, முழங்காலுக்குக் கீழே நின்றது. அண்ணியின் முகம் மலர்ந்தது. இருபத்திரண்டில் தரை தெரிந்தது. கதவு தானாகத் திறந்தது. அண்ணி விடாமல் இருபத்து மூன்றாவதை வரைந்தார். வாசலிலிருந்து தண்ணீர் மறுபடி கணுக்காலுக்கு வந்தது. அவர் அதை அழித்தார். அதற்கப்புறம் மூன்று நாள் கணக்குப் போட்டுப் பார்த்தார். இருபத்திரண்டு சரியாகப் போதுமானதாக இருந்தது. பென்சிலை மேசையில் கொஞ்சம் பலமாகவே வைத்தார்.

கட்டடம் மூன்று வருடத்தில் எழுந்தது. நாளுக்கு இரண்டு முறை கடல் தூண்களுக்கு நடுவே வந்து போகிறது. மாணவர்கள் படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார்கள். பெரும்புயல் ஒன்றில் பக்கத்துக் கட்டடங்களின் சுவர்கள் சாய்ந்தபோது, இங்கே ஒரு கண்ணாடி உடைந்தது. அதுவும் யாரோ ஜன்னலைச் சாத்த மறந்ததால். படம் ஒப்புதலான வாரத்தில் அண்ணன் தங்கையைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் போனார். கை கழுவப் போகும்போது கூடத்துத் தூணைச் சுற்றிக்கொண்டு போனார், வரும்போதும் அப்படியே.

இப்போது இருவருக்கும் ஒரே அலுவலகம். அடுத்த வேலை, உயரமான மலை ஒன்றின் உச்சியில் கட்டவிருக்கும் வானிலை ஆய்வுக்கூடம். முதல் கூட்டம் அதே இரண்டாவது மாடியில், நல்ல வெயில் காலத்தில், காலை பத்து மணிக்கு. மூவரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.