இன்ஜினியர் டிபேரியுவின் காது

திமிஷோரா நகரில் இருநூறு லெய் பணத்துக்குள் உருப்படியான ஹெட்ஃபோன் வேண்டுமென்றால் சனிக்கிழமை காலையில் ரரேஷின் கடைக்குப் போக வேண்டும், அங்கே இன்ஜினியர் டிபேரியுவிடம் திட்டு வாங்க வேண்டும். திட்டு வாங்காமல் பொருள் வாங்கிப் போனவர்கள் ஏமாந்தவர்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது ரரேஷ்தான் என்றாலும் அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

டிபேரியு உள்ளூர் வானொலியில் முப்பது வருடம் ஒலிப்பதிவு பார்த்தவர். எழுபத்தொரு வயது. கடையின் சன்னலோரம் ஒரு நாற்காலி, கையில் கருப்புக் காப்பி, எதிரே தீர்ப்புக்காக நிற்கும் கூட்டம். ஒரு பாதிரியார் தன்னுடைய பழைய ஹெட்ஃபோனைக் கொண்டுவந்து காட்டியபோது, இதில் கேட்டால் தேவதூதர்கள்கூடத் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடுவது போலத்தான் இருக்கும் என்றார். பாதிரியாரும் சிரித்துவிட்டுப் புதிது வாங்கிப் போனார். வாங்க வராதவர்களும் வருவார்கள், அடுத்தவர் திட்டு வாங்குவதைப் பார்க்க. அவர்களில் முக்கியமானவர் பல் டாக்டர் கேலு. வாரம் தவறாமல் ஒரு பொட்டலம் உப்பு ரொட்டி வளையங்களோடு வந்து டிபேரியுவின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

யாருக்கும் தெரியாது என்று டிபேரியு நினைத்துக்கொண்டிருந்த சங்கதி ஒன்று உண்டு. அவருக்குக் காது போய்விட்டது. பேச்சு கேட்கும், மேளம் கேட்கும், மெல்லிய மேல் சத்தங்கள் மட்டும் அடியோடு கேட்காது. மூன்று கோடைக்கு முன்னால், சன்னலுக்கு வெளியே குருவிகள் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தார். சத்தம் வரவில்லை. அன்றைக்கு மேசையில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். பெண்டாட்டி செத்துப்போயிருந்தாள், மகன் டப்ளினில் இருந்தான், அடுக்குமாடியில் அவரை இரண்டாம் மாடிக் கிழவர் என்பார்கள். இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும்தான் அவர் இன்ஜினியர் சார். அதையும் விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை.

அதனால் விரலாலும் கண்ணாலும் தீர்ப்புச் சொல்லப் பழகிக்கொண்டார். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார், காது மெத்தையைக் கட்டைவிரலால் அமுக்குவார், தலைப்பட்டையை வளைத்து எவ்வளவு இறுக்கும் என்று கண்டுபிடித்துவிடுவார். சத்தத்துக்குக் கேலுவின் முகம் இருந்தது. முதலில் அவரைக் கேட்கச் சொல்வார். சத்தம் கூராக இருந்தால் கேலுவின் இடது கண் தானாகச் சுருங்கும். அதைப் பார்த்துக்கொண்டு, மேல் ஸ்வரம் காதைக் கிழிக்கிறது என்று டிபேரியு அறிவிப்பார். கேலு வாயைப் பிளந்துகொண்டு தலையாட்டுவார்.

அந்தச் சனிக்கிழமை லுமினிட்சா வந்தாள். நாற்பத்தெட்டு வயது, தடித்த மூக்குக் கண்ணாடி, பேக்கரியில் இருபது வருடம் நின்று வீங்கிய கால்கள். இனிமேல் நிற்க முடியாது என்பதால் உட்கார்ந்து பார்க்கிற வேலை தேடி, ஒரு வழியாகக் கிடைத்திருந்தது. நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. திங்கட்கிழமை ஆரம்பம், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். ஹெட்ஃபோன் அவளே வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டில் இருந்த பழையது கண்ணாடிக் காம்பை நெற்றிப்பொட்டில் அழுத்தி, அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடுகிறது என்றாள். வேலைக்கு வைத்த பரீட்சைக்கு நூற்றுப்பத்துப் பேர் வந்ததாகவும், முணுமுணுப்பைக்கூட விடாமல் எழுதியது தான் ஒருத்திதான் என்றும் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள், அதில் தப்பில்லை.

டிபேரியுவுக்கு அது பிடிக்கவில்லை. இந்தக் கடையில் காதைப் பற்றிப் பெருமை பேசும் உரிமை ஒரே ஆளுக்குத்தான் இருந்தது. பேக்கரி அடுப்புச் சத்தத்தில் கிடந்த காதுக்கு எது கொடுத்தாலும் போதும் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கூட்டம் சிரித்தது. லுமினிட்சாவும் சேர்ந்து சிரித்தாள், வேறென்ன செய்வாள்.

ரரேஷ் மூன்று ஹெட்ஃபோன்களை எடுத்து வைத்தான். முதலாவது கண்ணாடிக் காம்பை இறுக்கியது. இரண்டாவது தோல் மெத்தை, அவள் மாட்டிக் கேட்டதும், பத்து நிமிடத்தில் காது வியர்த்துவிடும் என்று டிபேரியு தள்ளிவிட்டார், அது சரியான தீர்ப்பு. மூன்றாவது துணி மெத்தை வைத்தது, பஞ்சு போல உட்கார்ந்தது, நூற்றுத்தொண்ணூறு லெய். அவள் முகம் மலர்ந்தது. ஆனால் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, யாரும் விசாரிக்காமலேயே, இடது பக்கம் மெல்லிசாக ஒரு விசில் சத்தம் வருகிறது என்றாள்.

கேலுவிடம் முதலில் கொடுத்திருக்க வேண்டும். கோபத்தில் டிபேரியு அதை மறந்தார். அவள் தலையிலிருந்தே பிடுங்குவது போல வாங்கி மாட்டிக்கொண்டார், கண்ணை மூடி இரண்டு விநாடி இருந்தார், கழற்றினார். சுத்தமாக இருக்கிறது என்றார்.

"கோவிச்சுக்காதீங்க சார், டாக்டர் ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டுமே" என்றாள் அவள்.

கேலு மாட்டினார். இடது கண் சுருங்கியது. டிபேரியு பார்த்துவிட்டார். கேலுவின் பார்வை ரரேஷிடம் போய், அங்கிருந்து தரைக்குப் போயிற்று.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார் கேலு.

அந்த இடத்தில் டிபேரியு நிறுத்தியிருக்கலாம். இன்னொருமுறை கேட்டுவிட்டு, ஆமாம், ஏதோ இருக்கிறது, வேறு பெட்டியைப் பிரி என்று சொல்லியிருக்கலாம். நல்ல மனிதர் அதைச் செய்திருப்பார். டிபேரியுவோ அவளைப் பார்த்து, ராத்திரி அமைதியாக இருக்கும்போது காதுக்குள் ரீங்காரம் கேட்குமா என்று விசாரித்தார்.

எப்போதாவது கேட்கும் என்றாள்.

"அதான். விசில் ஹெட்ஃபோன்ல இல்லைம்மா, உன் காதுல இருக்கு."

முதல் இரண்டிலும் அது இல்லையே என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கூட்டம் டிபேரியுவைப் பார்த்தது. முப்பது வருட அனுபவம் அவர் வாய்க்கு வந்து நின்றது. அவை இரண்டும் மட்டமானவை, உள்ளுக்குள்ளேயே இரைச்சல் இருக்கும், அந்த இரைச்சல் உன் காதுக் கோளாற்றை மூடிவிட்டது என்றார். இது சுத்தமானது, மூட ஒன்றும் இல்லாததால் உன் நோய் உனக்கே கேட்கிறது. அழகான பொய். கூட்டத்தில் ஒருவர் ஆஹா என்றுகூட முனகினார்.

லுமினிட்சா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்து முடித்தும் மாட்டிக்கொள்ளவில்லை.

"இது சரியாப் போயிடுமா சார்?"

"அதிகமாகும், குறையாது."

"காது நல்லா இருக்குன்னு வேலைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"கோர்ட்டு விவகாரம். ஒரு வார்த்தை தப்பா அடிச்சா ஒருத்தன் உள்ள போயிடுவான். அவங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நீயே சொல்லிடறது மரியாதை."

அதைச் சொல்லவேண்டிய தேவையே இல்லை. அவள் ஏற்கெனவே தோற்றுவிட்டாள். ஆனால் டிபேரியுவுக்கு அப்போது உள்ளே சுகமாக இருந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. மூன்று வருடமாகத் தான் பட்ட பயத்தை அப்படியே தூக்கி இன்னொருத்தியின் மடியில் வைத்த சுகம்.

அவள் நன்றி சொன்னாள். ஒன்றும் வாங்காமல் போய், எதிரே டிராம் நிறுத்தத்தில் நின்றாள். ஆட்டம் முடிந்தது என்று கூட்டமும் கலைந்தது. கேலு ரொட்டிப் பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டு, பேஷண்ட் காத்திருப்பதாக முணுமுணுத்துக்கொண்டு நழுவினார்.

ரரேஷ் அந்த ஹெட்ஃபோனைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். எரிச்சலில் இருந்தான்.

"சுத்தம்னு சொன்னதோட விட்டிருக்கலாம்ல சார்? வாங்கியிருப்பா. நோயி கீயின்னு பயமுறுத்தி அனுப்பிட்டீங்க."

அவளுக்கு நிஜமாகவே காதில் கோளாறு என்று டிபேரியு ஆரம்பித்தார்.

"சார், என்கிட்ட வேண்டாம். இது ரெண்டு தடவ திரும்பி வந்த சரக்கு. விசில் எனக்கும் கேக்குது, கேலுவுக்கும் கேக்குது, போன வாரம் என் பையனுக்கும் கேட்டுது."

டிபேரியு காப்பியைக் கீழே வைத்தார்.

"உங்களுக்குக் கேக்காதுன்னு ரெண்டு வருஷமாத் தெரியும். அதனாலதான் நாற்காலி போட்டு வச்சிருக்கேன். காது கேக்கற ஆளை உக்கார வச்சா திரும்பி வந்ததை எல்லாம் எப்படி விக்கிறது?" அதைக் கத்திச் சொல்லவில்லை, பெட்டியின் மேல் விலைச்சீட்டை ஒட்டிக்கொண்டே சொன்னான். கேலுவுக்கு இந்தக் கடையில் எல்லாமே பாதி விலை என்பதையும் கூடவே சொன்னான்.

டிபேரியுவின் கண் சன்னலுக்குப் போயிற்று. நிறுத்தத்தில் லுமினிட்சா பைக்குள்ளிருந்து போனை எடுத்துக்கொண்டிருந்தாள். யாரைக் கூப்பிடப் போகிறாள் என்பது அவருக்குத் தெரியும். நடுவில் ஒரு தெரு, இருபது தப்படி. உன் காது நன்றாக இருக்கிறது, கெட்டது என்னுடையது என்று சொன்னால் போதும், திங்கட்கிழமை அவள் வேலையில் இருப்பாள்.

எழுந்தார். கோட்டை மாட்டினார். ரரேஷ் தடுக்கவில்லை.

"போய்ச் சொல்லுங்க. ஆனா அடுத்த சனிக்கிழமை வராதீங்க" என்று மட்டும் சொன்னான்.

டிபேரியு கதவைத் திறந்தார். குளிர் முகத்தில் அடித்தது. அவள் போனைக் காதில் வைத்திருந்தாள், எதிர்முனையில் இன்னும் யாரும் எடுக்கவில்லை போலிருந்தது. படியில் கால் வைக்கும்போது ஒரு கணவனும் மனைவியும் மேலே ஏறி வந்தார்கள், மூச்சு வாங்க, வெளியூரிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். அந்த மனுஷன் தொப்பியைக் கழற்றினான்.

"இன்ஜினியர் சார்ங்கறது நீங்கதானே? உங்ககிட்ட கேட்டுத்தான் வாங்கணும்னு எல்லாரும் சொன்னாங்க."

எதிரே லுமினிட்சா பேசத் தொடங்கியிருந்தாள்.

"நான்தான். உள்ள வாங்க, குளிருது" என்றார் டிபேரியு. அவர்கள் நுழைந்ததும் கதவை இழுத்துச் சாத்தினார்.