அப்பாவின் பாதி

அப்பா இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கோயில் மணி மாலை ஆறு அடித்ததும் கடற்கரைச் சாலையில் தன் மூன்று சக்கர வண்டியை ஓரமாக நிறுத்தினார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜெபிக்கத் தலை குனிந்தார். இதில் புதுமை ஒன்றுமில்லை. முப்பத்தாறு வருடமாக அந்த மணி அடிக்கும்போது அவர் வண்டி எங்கே இருந்தாலும் நிற்கும். பிரசவ வலியோடு துடித்த ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று மட்டும் ஓட்டிக்கொண்டே ஜெபித்தாராம்.

அன்று வண்டிக்குள் இருந்தவர் எங்கள் பக்கத்து வீட்டு மனாங் பிசிங். எங்கள் ஊரில் அக்காவை மனாங் என்றும் அண்ணனை மனோங் என்றும் கூப்பிடுவோம். சந்தையில் மீன் விற்பவர். விற்காமல் மிஞ்சிய கூடையோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வழக்கம்போல அப்பாவைப் பெயர் சொல்லிச் சீண்டினார்.

"மனோங் தெரியோ, மாதா எப்பவோ வீட்டுக்குப் போயிட்டாங்க. நீங்க இன்னும் யாருகிட்டப் பேசிக்கிட்டு இருக்கீங்க? என் மீன் நாறுது, கிளம்புங்க."

அப்பா நிமிரவில்லை. தோளைத் தொட்டதும் சாய்ந்துவிட்டார்.

அந்தக் கேலியை மனாங் பிசிங் பிறகு வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்லி அழுதார். "செத்தவர்கிட்ட மீன் நாறுதுன்னு சொன்ன வாய் இது" என்று தன் வாயில் தானே அடித்துக்கொண்டார்.

அதே நேரத்தில் அம்மா வீட்டில் தன் நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தார். தினமும் ஆறேகாலுக்கு அப்பா வந்துவிடுவார். கடைசிச் சவாரியில் சூடாக வாங்கிய ரொட்டி ஒன்றைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து, பிட்டு, பெரிய துண்டை அம்மாவிடம் கொடுப்பார். பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஜெபமாலை சொல்வார்கள். அருள் நிறைந்த மந்திரத்தின் முதல் பாதி அப்பாவுடையது. இரண்டாம் பாதி அம்மாவுடையது. நாற்பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் இது மாறியதில்லை. காய்ச்சலில் அப்பாவுக்குக் குரல் எழும்பாத நாட்களில்கூட அவர் உதட்டை அசைப்பார். அந்த அசைவைப் பார்த்து அம்மா பதில் சொல்வார்.

அப்பாவின் முழுப் பெயர் எலியுதெரியோ. எங்கள் ஊரில் சாவு விழுந்த எல்லா வீட்டுக்கும் அவரைக் கூப்பிடுவார்கள். காரணம், அவருடைய சின்னக் குறடு. கம்பியில் மணி கோத்து ஜெபமாலை செய்வதற்காக அதை வைத்திருந்தார். அறுந்ததைச் சரிசெய்து கொடுப்பார், காசு வாங்கமாட்டார். பேரப்பிள்ளைகள் ஏழு பேருக்கும் ஆற்றோரப் புல்லின் வெள்ளை விதைகளைக் கோத்துச் செய்து கொடுத்தார். என் மகள் பெனில்டா அதைப் பொம்மையின் கழுத்தில் மாட்டியபோது நான் அதட்டினேன். "விடு ஆம்பாரோ, பொம்மைக்கும் பக்தி வரட்டும்" என்று அப்பா என்னைத் தடுத்தார்.

ஆனால் சாவு வீட்டில் அந்தக் குறட்டுக்கு வேலை வேறு. இறந்தவர் கைகளில் சுற்றியிருக்கும் ஜெபமாலையைப் பெட்டி மூடுவதற்கு முன் வெட்டிவிட வேண்டும். வெட்டாமல் புதைத்தால் அது சங்கிலி போல. போனவர் அதே வீட்டிலிருந்து இன்னொருவரை இழுத்துக்கொள்வார். புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒருமுறை அப்பாவைக் கண்டித்தார்.

"இது மூடநம்பிக்கை. நீங்களே இதைச் செய்யலாமா?"

"செத்தவருக்காக இல்ல ஃபாதர். மீதி இருக்குறவங்க ராத்திரி தூங்கணும்ல" என்றார் அப்பா.

ஏழு நாள் அப்பா, கெடாமல் இருக்க மருந்தேற்றி, கண்ணாடி மூடிய பெட்டியில் கூடத்தில் கிடந்தார். கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி சிரிலோ ஆறாம் நாள்தான் வந்து சேர்ந்தான். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பெட்டியை எடுப்பதாக ஏற்பாடு. வீட்டின் மூத்த பிள்ளை நான், ஆகவே குறடு என் கைக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

பெட்டி எடுக்கும் நாள் காலை ஏழு மணி இருக்கும். அடுக்களையில் வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"குறட்ட நீ வாங்கிக்க. குனியிற மாதிரி குனி. ஆனா வெட்டாத."

"என்னம்மா பேசுற நீ?"

"அவரு பின்னாடியே நான் போகணும். வழிய அடைச்சிடாதடி."

"நாங்க உனக்கு வேணாமா? பெனில்டா வேணாமா?"

"உங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு வீடு இருக்கு. எனக்கு அவருதான் இருந்தாரு." என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சரின்னு சொல்லு. உங்கப்பா மேல ஆணையா சொல்லு."

வெளியே யாரோ காப்பி கேட்டார்கள். அம்மா பிடியை விடவில்லை.

"சரிம்மா" என்றேன்.

பெட்டியை எடுப்பதற்கு முன் குழந்தைகளைப் பெட்டிக்கு மேலாகக் கைமாற்றினார்கள். இறந்தவர் கனவில் வந்து அவர்களைப் பயமுறுத்தாமல் இருப்பதற்காக. பெனில்டாவுக்கு அதற்காகவே சிவப்புச் சட்டை போட்டிருந்தேன். சிரிலோ இந்தப் பக்கமிருந்து தூக்கினான், என் கணவர் அந்தப் பக்கம் வாங்கினார்.

"இன்னொரு தடவ மாமா! லோலோ இன்னும் என்னைப் பாக்கவே இல்ல!" என்று தாத்தாவைக் காட்டிக் கத்தினாள்.

சிரிக்க ஆரம்பித்தவர்கள் எல்லோரும் அழுதார்கள்.

பிறகு கண்ணாடி மூடியைத் திறந்தார்கள். மனாங் பிசிங் அப்பாவின் குறட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். அப்பாவின் விரல்களுக்கிடையில் அவரே செய்த கருமர ஜெபமாலை இருந்தது. அவர் கட்டைவிரல் பட்டுப் பட்டு அதன் மணிகள் வழவழப்பாகியிருந்தன. நான் குனிந்தேன். அம்மா எனக்குப் பின்னால், நாலடி தள்ளி நின்றார்.

வெட்டக்கூடாது என்றுதான் குனிந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அடுத்த பெட்டியில் அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் மனதில் வந்துபோனது. இருமினேன். அந்த இருமலோடு சேர்த்துக் குறட்டை அழுத்தினேன். பத்துப் பத்தாகக் கோத்த மணிகளில் மூன்றாவது பத்துக்கும் நாலாவது பத்துக்கும் நடுவில் கம்பி அறுந்தது. ஒரு மணி கழன்று என் உள்ளங்கையில் விழுந்தது.

"வெட்டியாச்சா?" என்று மனாங் பிசிங் காதருகே கேட்டார். ஆமென்று கண்ணை மூடித் திறந்தேன். திரும்பியபோது அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் தெரியும்படி இல்லை என்று தலையசைத்தேன். அம்மாவின் முகம் தெளிந்தது. அந்த ஏழு நாளில் அப்படி ஒரு தெளிவை நான் பார்க்கவில்லை. மணியைக் கறுப்புச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அடக்கம் முடிந்தது. என் கணவரை ஊருக்கு அனுப்பிவிட்டு நானும் பெனில்டாவும் அம்மாவுடன் தங்கினோம்.

அம்மா பயணத்துக்குத் தயாராகிறவர் போல இருந்தார். நிலப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று காட்டினார். பெரிய சட்டியை மனாங் பிசிங்குக்குக் கொடுத்தார். "எதுக்கு மனாங் கொன்ராடா, நீங்க சமைக்க வேணாமா?" என்று அவர் கேட்டதற்கு, "இனி யாருக்குச் சமைக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டார். தினமும் மாலையில் குளித்து, பூசைக்குப் போகும் பழுப்பு உடையை உடுத்தி, தலைவாரி, ஜெபம் முடிந்ததும் படுத்துக்கொள்வார். காலையில் விழித்ததும் சுற்றிலும் பார்ப்பார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஆறு மணி ஜெபத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா தன் நாற்காலியில் உட்காருவார். எதிரே அப்பாவின் நாற்காலி காலியாக இருக்கும். முதல் பாதிக்கு ஆகும் நேரம் முழுவதும் பேசாமல் காத்திருப்பார். பிறகு தன் பாதியைச் சொல்வார். மறுபடி காத்திருப்பார். ஐம்பத்து மூன்று முறை. நான் கூடச் சேர்ந்து முதல் பாதியைச் சொல்ல வாயெடுத்த அன்று கையை உயர்த்தித் தடுத்துவிட்டார்.

நான் செய்தது சரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மெலிந்துகொண்டே போனாலும் உயிரோடு இருந்தார். நாற்பதாம் நாள் தாண்டிவிட்டால் தேறிவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்தார்கள். பிற்பகல் மூன்று மணி. பெனில்டா உள்ளே தூங்கினாள். நான் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா பழுப்பு உடையில் மேசை முன் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இன்னையோட அவரு மேல போயிடுவாரு" என்றார். "கூப்பிடலடி. என்னைக் கூப்பிடவே இல்ல."

"அம்மா..."

"கோவமாத்தான் இருப்பாரு. அன்னைக்குக் காலையில மழை வரும், மழைக்கோட்டு எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சொன்னேன். காதுலயே வாங்கல. வண்டியத் தொடச்சிக்கிட்டே பாட்டுப் பாடுறாரு. எங்கயாவது போய்த் தொலைங்கன்னு சொல்லிட்டேன்."

இலைகளைக் கீழே வைத்தேன்.

"நாப்பத்தொன்பது வருஷத்துல நான் அவருகிட்டக் கடைசியாப் பேசுனது அதுதான். சாயங்காலம் வருவாரு, சிரிச்சுக்கிடலாம்னு இருந்தேன். சொன்ன மாதிரியே போயிட்டாரு. நேர்ல போய், வாய் தவறிச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லணும்டி. அதுக்குத்தான் வழிய அடைக்காதன்னேன். அவருக்கு என் மூஞ்சியப் பாக்கவே இஷ்டமில்ல."

நாற்பது நாளாக அம்மா காத்திருந்தது சாவுக்காக என்று நினைத்திருந்தேன். மன்னிப்புக்காக என்று எனக்குத் தெரியவில்லை. நான் காப்பாற்றி வைத்த ஒவ்வொரு காலையும் அவருக்கு அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டதாக இருந்திருக்கிறது.

உள்ளே போய்க் கறுப்புச் சட்டையின் பையிலிருந்து அந்த மணியை எடுத்து வந்தேன். மேசைமேல் வைத்தேன்.

"நான் வெட்டிட்டேம்மா."

அம்மா மணியைப் பார்த்தார். தொட்டுக்கூடப் பார்க்காமல் அது எதுவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஆணையிட்டியே."

"ஆணையிட்டேன். அப்புறமும் வெட்டிட்டேன். அப்பா உன்னைக் கூப்பிட்டிருப்பாரும்மா. தெனமும் கூப்பிட்டிருப்பாரு. வழிய அடச்சது நான். அவரு இல்ல."

அம்மா எழுந்து வந்து என் தோளில் அடித்தார். அடி பலமில்லை, கையில் பலமே இல்லை. இரண்டாவது முறை அடித்த கை தோளிலேயே தங்கிவிட்டது.

"பாவி" என்றார். "நீ யாருடி நடுவுல?"



அம்மா மணியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். அன்று ஆறு மணிக்கு வெளியே வரவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் என்னிடம் பேசவில்லை. தேவையானதைப் பெனில்டாவிடம் சொல்லியனுப்பினார். "லோலா உப்பு கேக்குறாங்க. உன்கிட்டக் கேக்கலயாம், என்கிட்டத்தான் கேக்குறாங்களாம்" என்று அவள் பெருமையாக வந்து சொல்வாள். உப்புக் கேட்டாரே என்று எனக்கு உள்ளூர நிம்மதி.

நாலாம் நாள் மாலை மணி அடித்தது. அம்மா வெளியே வந்தார். பழுப்பு உடை இல்லை. வீட்டில் உடுத்தும் பூப்போட்ட பழைய சட்டை. தன் நாற்காலியைத் தாண்டிப் போய் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். கால் தரையில் சரியாக எட்டவில்லை. அப்பா உயரம்.

"உக்காரு" என்று எதிர் நாற்காலியைக் காட்டினார்.

உட்கார்ந்தேன். முதல் பாதியைத் தொடங்கினேன்.

"நிறுத்து. அது அவரோடது. அத நான் சொல்றேன். நீ என்னோடதச் சொல்லு."

அவர் மூடிய கைக்குள் அந்த ஒற்றை மணி இருந்தது. முதல் பாதியை அப்பாவைப் போலவே மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக விட்டுவிட்டுச் சொன்னார். அவர் முடித்ததும் நான் ஆரம்பித்தேன். "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்" என்றதோடு நின்றுவிட்டேன்.

அம்மா காத்திருந்தார். காலி நாற்காலிக்காகக் காத்திருந்த அதே பொறுமையோடு காத்திருந்தார்.

"ஆமென் சொல்லு" என்றார். "இன்னும் ஐம்பத்திரண்டு இருக்கு."