ஒன்பதாங்கட்டைக் கார்த்திகேசு

"செத்தவரு பேரு, தகப்பனார் பேரு, நட்சத்திரம். ஒவ்வொண்ணா சொல்லுங்க," என்றார் பண்டாரம் திருச்செல்வம், தேங்காய் நாரைப் பிய்த்தபடியே.

"கார்த்திகேசு. தகப்பனார் பேரு மாரிமுத்து. நட்சத்திரம்..." கணேஸ்வரன் தங்கையைத் திரும்பிப் பார்த்தான். அம்மா போன பிறகு வீட்டில் இந்த மாதிரி விவரமெல்லாம் அவளிடம்தான் இருக்கும்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் பிரேமலா. "நல்லம்மா அத்த வந்துரட்டும்."

"எதுக்கு?"

"பேரக் கேக்கணும்."

பண்டாரத்தின் கை நின்றது. கூடாரத்துக்குள் மிக்சர் கொறித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். நடுவீட்டில் பெட்டிக்குள் படுத்திருப்பவரின் பெயரை மகளே கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும் என்றால் யாருக்குத்தான் காது நீளாது?

கணேஸ்வரன் அவளைக் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். "பைத்தியமா ஒனக்கு? மின்சுடலையில நேரம் வாங்கியாச்சு. பண்டாரத்துக்கு ரவாங்ல இன்னொரு சாவு இருக்கு. இன்னிக்குமா ஒன் ஆராய்ச்சி?"

ஆராய்ச்சி என்று அவன் சொன்னது கிண்டல்தான். ஆனாலும் அது அவள் செய்துவந்ததுதான். ரவாங் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் காரை எடுத்துக்கொண்டு சபாக், சுங்கை ஆயர் தாவார் என்று பழைய தோட்டங்கள் பக்கம் கிளம்பிவிடுவாள். தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், எந்தத் தோட்டத்தில் எந்த லயத்து வீட்டில் இருந்தார் என்று தெரிந்தாகவேண்டும் அவளுக்கு. மூடிப்போன தோட்டப் பள்ளிக்கூடத்தின் பழைய பதிவுகள், கோயில் சுவரில் உபயம் தந்தவர்களின் பெயர்கள், செம்பனைக்கு நடுவே புதர் மண்டிய இடுகாடுகள். பாம்பு கடித்துச் சாகப்போகிறாய் என்பான் அண்ணன். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். போகும்போது பூட்ஸ் போட்டுக்கொண்டு போ என்பார், அவ்வளவுதான்.

போன ஞாயிறு ஒன்பதாங்கட்டைத் தோட்டத்து இடுகாட்டுக்குப் போயிருந்தாள். தாத்தாவின் கல்லைத் தேடிப் போனவள் கண்ணில் பட்டது முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு குட்டிச் சமாதி. சுற்றிலும் புல்லும் கொடியும் ஆளை மறைக்க, அது மட்டும் புதுப் பச்சைப் பெயிண்ட்டில் பளிச்சென்று நின்றது. கார்த்திகேசு, தகப்பனார் மாரிமுத்து என்று எழுதியிருந்தது. பிறந்த தேதி அப்பாவின் அடையாள அட்டையில் இருக்கும் அதே தேதி. இறந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து.

தன் அப்பாவின் பெயரைக் கல்லில் மறுபடியும் மறுபடியும் படித்தாள். அதைவிட அந்தப் பச்சைதான் அவளை உலுக்கியது. தீபாவளிக்கு வீட்டு கேட்டுக்கு அப்பா அடித்த பச்சை அது. மிச்சம் இருந்த டின் எங்கே என்று அப்போது வீடு முழுக்கத் தேடியிருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் எடுத்த படத்தை நீட்டினாள். இடது கையால் வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"புல்லு மொளச்சிருக்கா?"

"யாருப்பா இது?"

"வர்ற ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் போவோம். அங்க வச்சு சொல்றேன்."

வியாழக்கிழமை காலையில் குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். இன்று வெள்ளி. ஞாயிறு வரைக்கும் இருக்கக்கூடாதா இந்த மனுஷன் என்று நேற்றிலிருந்து அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முன்னால் வந்து நின்றது. பாயில் உட்காரமுடியவில்லை. வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழ வரும்போதும் அவள் கண் தெருமுனையில்தான் இருந்தது. பெட்டிக்குள் இருப்பவர் கார்த்திகேசு இல்லையென்றால் வேறு யார்? அந்த ஒன்று தெரியாமல் அவரை அனுப்பிவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

படத்தை இப்போது அண்ணனிடம் காட்டினாள். அவன் பெரிதாக்கிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்தான்.

"அதே பேரு, அதே அப்பா பேரு. தோட்டத்துல எத்தன மாரிமுத்து இருந்திருப்பாங்க? விடு லா."

"நம்ம கேட்டு பெயிண்டுண்ணே அது."

அவன் முன்பக்கம் போனான். நல்லம்மாள் அத்தை வந்த கார் அப்போதுதான் தெருவில் திரும்பியது.

சபாக்கிலிருந்து வழி நெடுக அழுதுகொண்டு வந்திருக்கவேண்டும். அத்தையிடம் குரலே இல்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, தம்பி" என்று மட்டும் சொன்னாள். பிரேமலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணம், காதுகுத்து, சண்டை, சமாதானம் எதிலும் அத்தை அப்பாவைக் கார்த்திகேசு என்று கூப்பிட்டு அவள் கேட்டதே இல்லை.

காப்பி கொடுக்கும் சாக்கில் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். கைப்பேசியைக் கண்முன்னால் பிடித்தாள்.

அத்தை படத்தைப் பார்த்த வேகத்தில் தலையை ஆட்டினாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அத்த, அப்பாவே சொல்றேன்னுதான் சொன்னாரு. சொல்றதுக்குள்ள போயிட்டாரு."

"பேசாத புள்ள. போலீசுக்குத் தெரிஞ்சா அடையாளக் கார்டப் புடுங்கிருவான். எங்காத்தா சத்தியம் வாங்கியிருக்கு."

"எந்தக் கார்ட அத்த? செத்தவருகிட்டேர்ந்து எதப் புடுங்கப் போறானுங்க?"

அத்தை ஜன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். இத்தனை வருடமாக யாருக்குப் பயந்தாளோ, அவர்கள் யாரும் அங்கே இல்லை. கடைசியில் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள்.

"எனக்கு அடுத்து பொறந்தவன்தான் கார்த்திகேசு. ரெண்டு வயசுல காய்ச்சல் கண்டு போயிட்டான். அப்ப ஒங்கப்பன் வயித்துல. பொறந்ததும் எங்காத்தாவுக்குப் பயம் புடிச்சிக்கிச்சு, இதுவும் தங்காதுன்னு. குப்பமேட்டுல கொண்டு போயி போட்டுச்சு. பக்கத்து வீட்டுக்காரி எடுத்துக்கிட்டா. ஒரு படி நொய்யி குடுத்து அவகிட்டேர்ந்து திரும்ப வாங்கினோம். குப்பன்னு பேரு வச்சோம். அப்படிச் செஞ்சா எமன் இது நமக்கு ஆவாதுன்னு விட்டுருவானாம்."

"அப்ப சூரா? பொறப்புப் பத்திரம்?"

"எடுக்கல. ஆபீசுல பேரப் பதிஞ்சா எமனுக்கு நாமளே ஆளக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிருமாம். எங்காத்தா அப்படித்தான் சொல்லுச்சு. அப்புறம் வேற தோட்டத்துக்கு மாறி வந்தோம். பள்ளிக்கூடத்துல சேக்க ஆபீசு கிராணி சூரா கேட்டாரு. பெட்டியில இருந்தது செத்தவனோட சூரா ஒண்ணுதான். எடுத்துக் குடுத்துச்சு."

இரண்டு வயது கூட்டித்தான் அப்பா வாழ்ந்திருக்கிறார். எண்ணெய் ஆலையில் லோரி ஓட்டியவரை வயதாகிவிட்டது என்று அனுப்பியபோதும் வாயைத் திறக்கவில்லை. எழுபதாவது பிறந்தநாளுக்கு பிரேமலா கேக் வாங்கிவந்தாள். வெட்டமாட்டேன் என்றவர், மறுநாள் ஒரு துண்டைத் தாளில் சுற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், இருட்டும் நேரத்தில்தான் வந்தார். எவ்வளவு திட்டியிருப்பாள்! கேக் யாருக்குப் போனது என்று இப்போது புரிந்தது. அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு வாயைப் பொத்தி அழுதாள். நேற்றிலிருந்து வராத அழுகை.

"ஆத்தா இருந்த வரைக்கும் வீட்டுக்குள்ள குப்பான்னு கூப்பிடும்," என்றாள் அத்தை. "அதோட சரி. நான் வெளிய வாய் தவறிடக்கூடாதுன்னு தம்பின்னே பழகிட்டேன்."

பிரேமலா முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக அண்ணனிடம் போனாள். அவன் தலை மழித்து, ஈர வேட்டியோடு நின்றான். காதோடு எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் முகம் இறுகியது.

"குப்பனா?"

"ஆமாண்ணே."

"இத்தன பேரு முன்னாடி அப்பாவக் குப்பன்னு கூப்பிடச் சொல்றியா? மானம் போவும். எரிக்கிற பெர்மிட்ல, கார்டுல, என் சூராவுல, ஒன் சூராவுல எல்லாத்துலயும் கார்த்திகேசுதான். அந்தப் பேர வச்சுதான் நம்மள வளத்தாரு." பண்டாரத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். "கார்த்திகேசுன்னே சொல்லுங்க ஐயா."

அவன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

சங்கு ஊதியது. பண்டாரம் மணியை ஆட்டிக்கொண்டு, மாரிமுத்து மகன் கார்த்திகேசு என்று மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் பிரேமலாவின் கண்ணுக்குள் வந்தது பெட்டி இல்லை, பச்சை அடித்த அந்தக் குட்டிச் சமாதி. செத்துப்போன குழந்தையை மறுபடியும் வழியனுப்புகிறார்கள். இவரை யாரும் கூப்பிடவே இல்லை.

வாய்க்கரிசி போட அத்தையின் முறை வந்தது. அரிசியை உதட்டருகே வைத்தவள் கையை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லி மெல்லத் தொட்டார்கள். அத்தை குனிந்தாள். ரகசியமாகச் சொல்லத்தான் நினைத்திருப்பாள்; இத்தனை காலம் அடக்கிவைத்த குரல் தெருவரைக்கும் கேட்டது.

"குப்பா! அக்கா வந்திருக்கேன்டா, குப்பா!"

யாரோ ஒருத்தி, யாரக் கூப்பிடுது கெழவி என்று கிசுகிசுத்தாள். கொள்ளிக்குடத்தைத் தோளில் ஏற்றப்போன கணேஸ்வரன் அப்படியே நின்றான். பண்டாரம் இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் குடத்தைத் தூக்கினான்.

சனிக்கிழமை சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்தார்கள்.

ஞாயிறு காலை வெளியே ஏதோ சத்தம் கேட்டு பிரேமலா எழுந்துவந்தாள். கணேஸ்வரன் காரின் பின்கதவைத் திறந்து அரிவாளை உள்ளே வைத்துக்கொண்டிருந்தான். மொட்டைத் தலையில் துண்டு கட்டியிருந்தான்.

"எங்கண்ணே?"

"அப்பா ஞாயித்துக்கெழமன்னுதானே சொன்னாரு. பூட்ஸ் போட்டுக்க."

கருமாதி முடியாமல் இடுகாட்டுப் பக்கம் போகக்கூடாது என்று உள்ளேயிருந்து அத்தை சத்தம் போட்டாள். பிறகு அவளே வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

ஒன்பதாங்கட்டையில் காரை நிறுத்தினார்கள். நடக்கமுடியாமல் அத்தை காரிலேயே இருந்துகொண்டாள். செம்பனை வரிசைக்குள் பிரேமலா வழிகாட்ட, கணேஸ்வரன் செருப்புக் காலோடு புதரை வெட்டிக்கொண்டே வந்தான். சமாதி முன்னால் நின்று, பெயரை வாய்க்குள் படித்தான். பச்சைப் பெயிண்டை விரலால் தொட்டுப்பார்த்தான். கல்லின் அடியில் புதுப் புல் விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது. அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தான். கையை நீட்டியவன் சட்டென்று நிமிர்ந்தான்.

"பிரேமா, இவரு நமக்குப் பெரியப்பா ஆவணும், இல்ல?"

"ஆமாண்ணே."

அவன் வந்த வழியே திரும்பி நடந்தான். இடுகாடு தொடங்கும் இடத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு வந்து உட்கார்ந்து புல்லைப் பிடுங்க ஆரம்பித்தான்.