கன்னத்தில் நிற்காத காற்று

கடை திறக்கும் முன் நானும் அண்ணனும் ஒருவருக்கொருவர் சவரம் செய்துகொள்வது வழக்கம். முடிவெட்டுகிறவன் முகத்திலேயே முள் இருந்தால் எவன் நாற்காலியில் உட்காருவான்? அன்று அண்ணனுக்கு நான் செய்துகொண்டிருந்தேன். இடது கன்னத்துக்கு வந்ததும் "கன்னத்த உப்பு" என்றேன். உப்பினான். உதட்டோரமாகக் காற்று புஸ்ஸென்று போனது.

"காலங்காத்தால வெளையாடாதண்ணே, கையில கத்தி இருக்கு."

மறுபடி உப்பினான், மறுபடியும் போனது. நுரையைத் துடைத்துப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. இடது கை மடியில் செத்துக் கிடந்தது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. நான் போட்ட சத்தத்தில் அண்ணி ஓடி வந்தார், பார்த்தார், திரும்பி ஓடி ஒரு மாத்திரையோடு வந்தார். எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது ரத்தம் கட்டாமல் இருக்க டாக்டர் கொடுத்த மாத்திரை அது. அப்பா போன பிறகும் அலமாரியில் வாங்கி வாங்கி வைத்திருந்தோம். அவ்வளவு முன்யோசனைக்காரக் குடும்பம்!

"குடுங்கண்ணி, சீக்கிரம் குடுங்க" என்றேன் நானும். மாத்திரையும் தண்ணீரும் அந்தக் கோணல் வாய் வழியாகவே சட்டையில் விழுந்தன. அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸ் ஞாபகம் வந்தது.

அப்பா மாத்திரையைக் கொடுத்ததை ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தோம். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா முதலில் கேட்டது, "அந்த மாத்திரை உள்ள போச்சா?"

"இல்லைங்க, துப்பிட்டாரு."

"நல்ல காலம். உங்க அப்பாவுக்கு மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கும். இவருக்குக் குழாய் வெடிச்சு ரத்தம் கசிஞ்சிருக்கு. அந்த மாத்திரை கசிவை அதிகமாக்கியிருக்கும். வெளிய பார்த்தா ரெண்டுக்கும் வாய் ஒரே மாதிரிதான் கோணும், ஸ்கேன் பண்ணாம எங்களாலயே சொல்ல முடியாது. இனிமே யாருக்கு வந்தாலும் வாயில எதுவும் குடுக்காம உடனே கூட்டிட்டு வாங்க."

"எதுக்குங்க வெடிச்சுது?"

"பிரஷர். அதுக்கு மாத்திரை சாப்பிடுறாரா?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டார். "தலைசுத்தல் நின்னுடுச்சு, இனிமே எதுக்குன்னு நிறுத்திட்டாருங்க."

பிழைப்பானா மாட்டானா என்று யாரும் சொல்லாத அந்த நாட்களில், கண்மூடிக் கிடந்தவனை நான் திட்டிக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் அழுகை வந்துவிடும். என்னைவிட இரண்டு வயசு பெரியவன், அவன் இல்லாமல் ஒரு நாள் கடை திறந்ததில்லை நான்.

பிழைத்தான். பேச்சுதான் குழறியது. மெதுவாக விழுங்கவும் வந்தது. விழுங்கத் தொடங்கிய அன்றும் திட்டுவதை விடவில்லை நான். "மாத்திரைய நிறுத்த நீ என்ன பெரிய டாக்டரா? நல்லா இருந்ததே அதாலதானேண்ணே?"

அவன் நல்ல கையால் நர்ஸைக் கூப்பிட்டான், என்னைக் காட்டினான். அந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது. என் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றி அழுத்தினார். எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடியும் அழுத்தினார்.

"எத்தனை நாளா இப்படி?"

எனக்கு எப்படித் தெரியும்? ஒரு நாளும் பார்த்ததில்லையே.

டாக்டரம்மா எனக்கும் எழுதிக் கொடுக்க, அண்ணி போய் வாங்கி வந்தார். அண்ணனுடைய மாத்திரையை அவன் வாயருகே கொண்டுபோனேன். திறக்கவில்லை. கண் இரண்டும் நிறைந்திருந்தன.

"மொ...மொதல்ல நீ போடு."

போட்டுத் தண்ணீர் குடித்தேன். விழுங்கிவிட்டேனா என்று பார்த்த பிறகுதான் அவன் வாயைத் திறந்தான்.